பல் மட்டும் தெரியும் படம்

கேளம்பாக்கத்தில் செயற்கைப் பல் செய்யும் எங்கள் லேபில், கம்ப்யூட்டரில் முதலில் பல் வடிவமைத்தவன் நான். செங்கல்பட்டிலிருந்து ஒரு பல் டாக்டர் நோயாளியின் வாயைப் படமெடுத்து மெயிலில் அனுப்புவார். நாக்கின் சிவப்பு பல்லின் நிறத்தைத் தப்பாகக் காட்டும் என்பதால், பல்லை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடுவேன்.

அணுபுரத்துக்காரர் ஒருவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் செய்து அனுப்பினேன். இரண்டு வாரத்தில் டாக்டர் போன் செய்தார்.

"நாக்குல உரசுதாம்பா. ஓரத்தைக் கொஞ்சம் மழுக்கிடு."

புதிதாக வந்த படத்தில் நாக்கின் ஓரத்தில் அரிசி அளவு வெள்ளைப் புண் இருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு, ஓரத்தை மழுக்கி வேறு பல் செய்தேன். அடுத்த மாதமும் போன் வந்தது, படமும் வந்தது. புண் இப்போது புளியங்கொட்டை அளவு.

"டாக்டர், அந்தப் புண்ணு பெருசாயிகினே போவுதே, பாத்தீங்களா?"

"உன் பல்லு குத்துது, அதான். இந்தத் தடவையாவது ஒழுங்கா செய்யி."

பதினைந்து வருஷமாகப் பல் செய்கிறவனிடம் பேசுகிற பேச்சா இது? வந்த கோபத்தில் புண்ணை மறந்தேன். வழக்கம்போல மிச்சத்தை அழித்துவிட்டு, நாக்கு தொடவே முடியாதபடி பல்லின் உட்பக்கத்தை ஒடுக்கி வடிவமைத்தேன். மெயிலில் அனுப்பிய வடிவத்தைப் பார்த்த டாக்டர், "சூப்பர்" என்று பதில் போட்டார்.

நான்கு மாதம் கழித்து அந்தப் பல் டப்பாவோடு திரும்பி வந்தது. போன் செய்து, இன்னும் உரசுகிறதா என்று கேட்டேன்.

"மாட்டுறதுக்கு அந்தப் பக்கம் தாடை இல்லப்பா. கேன்சர்னு எடுத்துட்டாங்க."

கம்ப்யூட்டரில் அந்த அணுபுரத்துக்காரரின் மூன்று படங்களையும் திறந்து பார்த்தேன். மூன்றிலும் பல் மட்டும்தான் இருந்தது.