ஒரே கூட்டு

1. மத்தியானம் தம்பியின் படகு இயந்திரம் நின்றது. படகில் அவன் மட்டும்தான்.
2. கிழக்கிலிருந்து அடித்த காற்று படகை மேற்கே, இந்திய எல்லைப் பக்கம் தள்ளத் தொடங்கியது.
3. அவன் அம்மாவின் கைபேசிக்கு அழைத்து, ஜிபிஎஸ் காட்டிய இடத்தை இலக்கம் இலக்கமாக வாசித்தான். நான் எழுதினேன்.
4. படகின் சொந்தக்காரரான சித்தப்பாவுக்கும் அதையே வாசித்தான். பிறகு அவனுடைய கைபேசி அணைந்துவிட்டது.
5. சித்தப்பா எழுதியதும் நான் எழுதியதும் வேறாக இருந்தன.

என்னுடையது 9082157934160. அவருடையது 9082157943160.

எங்கள் ஊரான கீரிக் கரையில் வடக்கையும் கிழக்கையும் சேர்த்து ஒரே நீள எண்ணாகச் சொல்வார்கள். கடைசியில் ‘கூட்டு’ சொல்வார்கள். எல்லா இலக்கங்களையும் கூட்டி, வருவதை மறுபடி கூட்டி, ஒற்றை இலக்கமாக்குவது. படகுக்குப் பெயர் வைக்க எண்சாத்திரம் பார்ப்பவர் போடும் அதே கணக்கு. கேட்டவருக்கும் அதே கூட்டு வந்தால், எண் சரி.

"கூட்டு ஒண்டெண்டு சொன்னவன். எனக்கு ஒண்டுதான் வருது," என்றார் சித்தப்பா.

"எனக்கும் ஒண்டுதான் வருது சித்தப்பா."

"அதெப்படி? ரெண்டு இடத்தில ஒரு பெடியன் நிப்பானே?"

நான் நில அளவை படித்தவள். இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி விளக்கினேன். கூட்டு என்பது ஒன்பதால் வகுத்தால் மிஞ்சுவது. இலக்கங்கள் இடம் மாறினாலும் அது மாறாது. ஒன்று மிஞ்சும் எண்கள் எல்லாம் அதற்கு ஒரே வகுப்பு. பதினொன்றால் வகுத்த மீதியைச் சொல்லியிருந்தால் இரண்டும் பிரிந்திருக்கும். அதை யாரும் சொல்வதில்லை.

"பாடம் பிறகு எடு பிள்ளை. இப்ப எங்க போறது?"

எரிபொருளோடு நின்றது ஒரே படகு. பிழையான இடத்துக்குப் போனால் வெளிச்சம் போய்விடும்.

"என்ர தான் சரி," என்றார் சித்தப்பா. "எல்லைப் பக்கம் அவன் ஏன் போறான்?"

"அவன் போகேல்லை. காத்துக் கொண்டுபோகுது."

அம்மா கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தேன். சரியாக 9000. வடக்கு இலக்கங்கள் ஒன்றே; வித்தியாசம் முழுவதும் கிழக்கில், ஒரு பாகையின் அறுபதில் ஒன்பது பங்கு. ஒரே நேர்கோட்டில், என்னுடையது ஏறக்குறைய ஒன்பது கடல் மைல் மேற்கே.

"உங்கட இடத்துக்கே முதல் போங்கோ. அது வழியிலதான். இல்லையெண்டா திரும்பாதேங்கோ, அதே கோட்டில நேர மேற்க போங்கோ."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "ஓம், போறன்," என்றார்.

பிறகு ஓர் அழைப்பு வந்தது. "இங்க ஒருத்தருமில்லை. மேற்க போறம்." அதோடு அவருடைய கைபேசியும் எட்டவில்லை. நான் எண்களை மறுபடி மறுபடி கூட்டினேன். ஒன்றுதான் வந்தது.

பொழுது படும் நேரத்தில் அவனுடைய படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். என் எண்ணுக்கும் மேற்கே, எல்லைக்கு மிக அருகில் கண்டதாகச் சித்தப்பா சொன்னார். தம்பியின் உதடுகள் வெடித்திருந்தன. அவன் தண்ணீர் மட்டும் கேட்டான்.

இப்போது அவன் கரையில் இருக்கிறான். இயந்திரம் இன்னும் திருத்தியாகவில்லை. திருத்திய அன்றே போவேன் என்கிறான்.