குரோமியத்துக்கு நான் போட்ட பூஜ்யம்

இன்று விழுப்புரத்தில் ஒரு மாணவரை ஃபெயிலாக்கிவிட்டுத் திண்டிவனம் வந்து சேர்ந்தேன்.

விடைத்தாள் திருத்தும் முகாம். கல்லூரி முதலாமாண்டு வேதியியல். (முனைவர் பட்டம் வாங்கிப் பதினாறு வருடமாகக் கௌரவ விரிவுரையாளராகவே இருப்பவனுக்கு அங்கே மட்டும்தான் நாற்காலி போட்டு டீ தருகிறார்கள்.)

முகாமின் சேர்மன் படிக்கும்போது எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். என் லேப் நோட்டைப் பார்த்து எழுதித் தேறியவர். இன்று நிரந்தரப் பேராசிரியர். இதை நான் மறப்பதாக இல்லை.

காலையில் ஒரு தாளைக் கூட்டினேன். எழுபத்தைந்துக்கு இருபத்தெட்டு. முப்பது எடுத்தால் பாஸ்.

இப்படி வந்தால் தாளை மறுபடி புரட்டி, எங்காவது இரண்டு மதிப்பெண் தேறுமா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். நானும் புரட்டினேன். தேறவில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த தனியார் கல்லூரி மேடம் எட்டிப் பார்த்தார்.

“ரெண்டு மார்க்குதான சார், எங்கனா தேத்திப் போட்டு உடுங்க. எந்த வூட்டுப் புள்ளையோ, பாவம்.”

“இல்லாத மார்க்க நான் போடறது இல்லீங்க மேடம்.”

“உங்க கைல பேப்பர் வந்தா பேஜாருதான் சார்.”

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். தனியார் கல்லூரிக்காரர்களுக்குத் தாராளம் தெரியும், பாடம் தெரியாது என்பது என் நெடுநாள் கருத்து.

மதியம் சாப்பிட்டு வந்ததும் அதே மேடம் விடைக்குறிப்பை என் பக்கம் தள்ளினார்.

“சார், குரோமியத்துக்கு த்ரீ டி ஃபைவ், ஃபோர் எஸ் ஒன்னுதான வரும்? கீயில டி ஃபோர், எஸ் டூன்னு போட்டுக்கினு இருக்காங்க.”

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

வேதியியல் மறந்தவர்களுக்காக: எலக்ட்ரான்களை ஆர்பிட்டால்களில் வரிசைப்படி நிரப்பிக்கொண்டே போனால் குரோமியத்துக்கு 3d⁴ 4s² என்றுதான் வரும். ஆனால் 3d-யின் ஐந்து அறைகளிலும் அறைக்கு ஒன்றாக இருந்தால் அணுவுக்கு நிம்மதி அதிகம். அதனால் 4s-இல் இருக்கும் இரண்டில் ஒன்று இங்கே வந்துவிடும். விடை 3d⁵ 4s¹. இதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவன் நான்.

அந்த நான்தான் காலை முழுவதும் கீயைப் பார்த்துப் பார்த்துத் திருத்தியிருந்தேன்.

அந்த இருபத்தெட்டு நினைவுக்கு வந்தது. ஸ்கேல் வைத்துப் போட்ட ஐந்து பெட்டிகள், ஒவ்வொன்றிலும் எலக்ட்ரானுக்கு அடையாளமாக ஓர் அம்பு. கொஞ்சம் தள்ளி 4s-க்கு ஆறாவது பெட்டி, அதிலும் ஓர் அம்பு. இரண்டு மதிப்பெண் கேள்வி. பூஜ்யம் போட்டிருந்தேன். மறுபடி புரட்டியபோதும் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போனேன்.

சேர்மனிடம் ஓடினேன்.

“ஆமாண்ணே, கீ தப்புதான். இனிமே சரியா எழுதனவங்களுக்குப் போட்டுடச் சொல்றேன்.”

“காலைல திருத்தனது?”

“மார்க்க ஏத்தி, பாக்கெட்டுக்கு சீல் வெச்சாச்சுண்ணே. அத்த பிரிக்கணும்னா நான் மேல எழுதணும். யாரு கீ போட்டாங்க, யாரு பாத்தாங்கன்னு வரும். வேணாம், உடுங்க.”

“ஒரு புள்ள ஃபெயிலாவுதுப்பா.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நான் கீயும் போடல, பேப்பரும் திருத்தல. காலைலயே நீங்க பாத்திருக்கலாம் இல்லண்ணே?”

இத்தனை வருடம் அவரிடம் சொல்வதற்கென்று சேர்த்து வைத்திருந்த பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டு என் நாற்காலிக்குத் திரும்பினேன்.

இதை எழுதியதற்காக அடுத்த முகாமுக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ முதலாமாண்டு வேதியியல் எழுதிய பிள்ளைகள் இருந்தால் இதைக் காட்டுங்கள்.

ரிசல்ட்டில் இருபத்தெட்டு என்று வந்தால் தலையெழுத்து என்று விட்டுவிட வேண்டாம். விடைத்தாள் நகல் கேளுங்கள். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள்.

ஐந்து பெட்டியும் சரி, ஆறாவதும் சரி. பக்கத்தில் சிவப்பு மையில் இருக்கும் பூஜ்யம்தான் தப்பு. அது நான் போட்டது.