ஊதச் சொன்ன சூப்பர்வைசர்

தேவிகுளம் பக்கம் தேயிலை பறிக்கிறவள் நான். இடது காது மந்தமாகி, சரிவில் கால் தள்ளாட ஆரம்பித்தது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் சொட்டு மருந்துதான் கொடுத்தார்கள். ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில், எல்லாப் பெண்களும் பார்க்க, சூப்பர்வைசர் என்னை வாயை ஊதச் சொன்னார்.

"காலைலயே குடிச்சிட்டு வந்தா மலையில எப்படி நிப்ப?"

ஊதினேன். வாடை இல்லை. ஆனாலும் வீட்டுக்கு விரட்டினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். காது நரம்பில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் மூளையை அழுத்திக்கொண்டிருந்தது.

"இவ்வளவு பெரிசாகுற வரைக்கும் யாரும் அனுப்பலையா?" என்றார் டாக்டர்.

மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். இடது காது அடியோடு போனது.

வீட்டுக்குப் பார்க்க வந்த சூப்பர்வைசர், "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று ஆரம்பித்தார். நான் மெல்லத் திரும்பி, இடது காதை அவர் பக்கம் வைத்தேன். அவர் பேச்சுக்கு அந்தக் காது போதும்.