அப்பாவுக்காக உயர்த்திய கார்

அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது வீட்டில் இருந்த ஒரே கார், நானும் என் நண்பனும் சேர்ந்து மாற்றியமைத்தது. தரையோடு தரையாக இறக்கியிருந்தோம். பழைய ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டு காயில்ஓவர் போட்டிருந்தோம். அதில் ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும். கீழே உள்ள வளையத்தைத் திருகினால் கார் ஏறும், இறங்கும். ஆம்பூரில் நிறுத்தினால் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் வேலூர் ஆஸ்பத்திரி. அதற்காக ஷூ கம்பெனியில் ஷிப்டை மாற்றி வாங்கினேன். காலையில் அப்பாவைக் கூட்டிப்போய், வெளியே காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டு மதியம் வேலைக்குப் போவேன். நின்றுகொண்டே கண் சொருகும்.

நெடுஞ்சாலையில் ஒவ்வொரு பாலத்தின் இணைப்பிலும் கார் டக்கென்று அடிக்கும். அப்பா கதவின் கைப்பிடியை இறுக்கிக்கொள்வார். தோல் கம்பெனியில் ஈரத்தோல் தூக்கியே தேய்ந்துபோன இடுப்பு அவருக்கு.

"வலிக்குதாப்பா? வாடகைக் கார் வெச்சுக்கலாமா?"

"உன் கார் இருக்கறப்ப அது இன்னாத்துக்குடா? நீ ஓட்டு."

ஷாக்கின் தலையில் ஒரு திருகு உண்டு. கடுமையைக் கூட்டிக் குறைக்க அதுதான். ஒருநாள் நானே நான்கையும் முழுக்கத் தளர்த்திவிட்டேன். அடி நிற்கவில்லை, கூடவே கார் படகு மாதிரி ஆடத் தொடங்கியது. பள்ளிகொண்டா தாண்டியதும் அப்பா வாந்தி எடுத்துவிட்டார். ஓரங்கட்டித் துடைத்தேன்.

"சீட்டு நாசமாப்போச்சேடா" என்றார், தலை நிமிராமல்.

ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடியில் இருக்கும் நண்பனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். அப்பாவையும் கூட்டிவரச் சொல்லியிருந்தான். "அவர் உக்கார்ற எடத்துல அவர் வெயிட்டு இருந்தாதான்டா ஒயரம் கரெக்டா வரும்."

அடியில் படுத்துப் பார்த்தான். "ரொம்ப எறக்கிட்டோம்டா. ஷாக் அமுங்கவே எடம் இல்ல, நேரா உள்ள இருக்கற முட்டு ரப்பர்ல போய் இடிக்குது. நீ வேற லூஸ் பண்ணிட்ட, ஆட்டமும் ஜாஸ்தி."

வளையங்கள் சேறும் துருவும் ஏறி இறுகிக் கிடந்தன. பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் விட்டு, ஊறவைத்துத் திருகினோம். ஸ்பேனர் வழுக்கி என் விரல் முட்டி உரிந்தது. "பேஜாருடா" என்று நண்பன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஏற்றினோம், இறக்கினோம், அப்பாவை உட்காரவைத்து அளந்தோம். அவர் பக்கம் தாழ்ந்தது. அவரை இறக்கி மறுபடி ஜாக்கி போட்டோம்.

"இன்னும் எத்தினி வாட்டிடா ஏறி எறங்கணும்?"

"இதான்ப்பா கடைசி" என்றான் நண்பன். அது கடைசியாக இல்லை.

உயரம் சரியாக வந்தபோது அப்பா சீட்டிலேயே தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஷாக்கின் தலைத் திருகுகளுக்காகச் சத்தம் வராமல் பானெட்டைத் திறந்தோம். காரின் மூலையை அமுக்கிவிட்டுப் பார்த்துப் பார்த்து, ஒரே தடவை எழும்பி நிற்கும்வரை நண்பன் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். பிறகு பானெட்டை மெல்ல மூடிவிட்டு நாட்றம்பள்ளி வரை ஓட்டிப்போனோம். வேகத்தடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அப்பா விழிக்கவில்லை. நண்பன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். சிரிக்கக்கூட எங்களுக்குத் தெம்பில்லை.

வலி முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. மோசமான பள்ளங்களில் இப்போதும் முனகுவார். ஆனால் கைப்பிடியைப் பிடிப்பதில்லை. சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே பெரிய இடைவெளியோடு கார் விகாரமாக நிற்கிறது. "இன்னாடா, வண்டிய ஏத்திட்ட?" என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். ஆமாம் என்பேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது அப்பா தானே பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"கொஞ்சம் வேகமாத்தான் போயேன்டா. உனக்கு டூட்டிக்கு நேரமாவுது இல்ல?"