ஒதுக்கி வைத்த டப்பாக்கள்

விமானம் கடந்து போகட்டும் என்று வசந்தாமணி காத்திருக்கிறார். விமான நிலையத்தை ஒட்டிய ஊரான காப்பெலில் எங்கள் தெருவுக்கு மேலே விமானங்கள் சக்கரங்களை இறக்கிக்கொண்டு தாழப் பறக்கும். அப்போது கராஜ் கதவு அதிரும். கதவோடு மேசையும், மேசைமேல் இருக்கும் சின்னத் தராசின் முள்ளும் அதிரும். சத்தம் ஓய்ந்ததும் மருந்துக் கரண்டியை இரண்டு விரல்களுக்கிடையே உருட்டித் தட்டில் நாலைந்து துகள்களை உதிர்க்கிறார். முள் எழுந்து, தயங்கி, கோட்டுக்கு வருகிறது.

"மூச்ச சித்தெ நிறுத்து கண்ணு," என்கிறார் என்னைப் பார்க்காமலே. பக்கத்து வீட்டிலிருந்து வந்த நான் வாசற்படி அருகே நிற்கிறேன். அங்கிருந்து விடும் மூச்சும் அவருடைய தராசுக்கு ஆகாது.

அறுபத்தொரு வயது. ஆளே ஒரு பிடிதான். பருத்திச் சுடிதார், ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் பழசான வெள்ளைக் காலணி, நெற்றியில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. வாரநாட்களில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். சனி, ஞாயிறுகளில் தன் ரிவால்வருக்கான தோட்டாக்களைத் தானே தயாரிக்கிறார். சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டைக் கழுவித் துடைத்து, அடியில் பொறி கிளப்பும் புதுக் கேப் அடித்து, அளந்த வெடிமருந்தை இட்டு, மேலே ஈயக்குண்டை வைத்து அழுத்துவார். வெடிமருந்தை அவரும் இங்குள்ளவர்களும் பவுடர் என்பார்கள். எந்தத் துப்பாக்கிக்கு எந்தப் பவுடர் ஒத்துப்போகும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காகிதத்தில் ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றனவோ, பவுடர் அவ்வளவு நல்லது.

கடையிலேயே தோட்டா விற்கிறார்களே என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெடிமேட் ரவிக்க மாதிரி கண்ணு அது. போட்டுக்கலாம். கையத் தூக்க முடியாது."

கராஜின் ஒரு பக்கம் பொன்னி அரிசி மூட்டை, கிரைண்டர், மகள் விட்டுப்போன சைக்கிள். மறுபக்கம் இந்த மேசை. அதில் எந்த நேரமும் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கும். இரண்டு டப்பா இருந்தால் என்றாவது ஒருநாள் ஒன்றை மற்றொன்றில் கொட்டிவிடுவோம், அன்றைக்கு விரல்கள் போகும் என்பார். எடுக்கும்போது ஒரு தடவை, திறக்கும்போது ஒரு தடவை, திருப்பி வைக்கும்போது ஒரு தடவை டப்பாவின் பெயரை வாய்விட்டுப் படிப்பார். ஆஸ்பத்திரிப் பழக்கம். மின்விசிறி போட மாட்டார். ஆகஸ்டில் அந்த கராஜ் அடுப்புக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு பவுடர் கசகசாவைப் போலிருக்கும். ஒன்று கிராஃபைட் பூசிய அவல் துணுக்கு. இன்னொன்று பொடி ரவை. மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே சொல்லிவிடுவார்.

துப்பாக்கிக்கு அவர் வந்தது தற்செயல். பல வருடங்களுக்கு முன்பு உடன் வேலை செய்பவர்கள் விடுமுறை நாள் ஒன்றில் சுடும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். "பயமா இருந்துச்சு கண்ணு. வெடிச்சதும் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். பொறகு காயிதத்தக் கொண்டாந்து காட்டுனா, ஓட்டையெல்லாம் ஒரே பக்கமா இருக்குது. அந்த வெள்ளக்காரங்க அத்தன பேரும் கை தட்டுனாங்க. என்ற கையப் பாத்து அதுக்கு முன்னால ஆரும் கை தட்டுனதில்ல."

அன்றிலிருந்து ஒற்றைக் கை சுடுதல்தான் அவருடைய ஆட்டம். இடது கை சுடிதார் பைக்குள். வலது கை மட்டும் நீண்டு, நுனியில் ரிவால்வர். அவருடைய தட்டைமுனை ஈயக்குண்டுகள் அட்டையில் பேப்பர் பஞ்ச் போட்டதுபோல வட்ட வட்டமாக வெட்டும். பழைய அட்டைகள் கராஜ் சுவரில் குத்தியிருக்கின்றன. அவற்றின் ஓட்டைகளை ஓர் எலுமிச்சைத் துண்டால் மூடிவிடலாம். கடைசியாகக் குத்திய அட்டைகளுக்கு ஒரு டம்ளர் வேண்டும். அதற்குப் பிறகு சுட்டவற்றை அவர் சுவரில் குத்தவில்லை. நான் பார்த்திருக்கிறேன். அவற்றை மூடச் சோற்றுத் தட்டு வேண்டும்.

அட்டை இப்படி விரிந்து வரும்போதெல்லாம் பவுடருக்குத் தீர்ப்பு வந்துவிடும்.

"ஆகாவளி," என்பார். அவருடைய ஊர்ப்பக்கம் உருப்படாத ஆளுக்குச் சொல்கிற பேர் அது. "பாத்தா நல்லாத்தான் இருக்குது. வேலைக்கு ஆகறதில்ல."

தீர்ப்பான டப்பாவில் ஓர் ஆரஞ்சு லேபிள் ஒட்டுவார். 'ஒதுக்கி வைக்கப்பட்டது, பயன்படுத்தாதே' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டது. ஆஸ்பத்திரியில் சந்தேகப்பட்ட மருந்துகளுக்கு ஒட்டுவார்களாம். "அங்கிருந்து எடுத்ததில்ல கண்ணு, ஆன்லைன்ல நானே ஆர்டர் பண்ணுனது," என்று கேட்காமலே சொன்னார். லேபிளை வைத்தபின் இடது கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு முறை நீவுவார். குமிழ் இல்லாமல் படிந்துவிடும்.

இப்போதெல்லாம் கடைகளில் பவுடர் கிடைப்பதே அரிது. வந்தால் கடைக்காரர் போன் செய்வார். ஆளுக்கு ஒரு டப்பாதான். அப்படித் தேடி வாங்கிய டப்பாக்களில் ஒவ்வொன்றாக ஆரஞ்சு ஏறியது. மாற்றிப் பார்க்க வேறு பவுடர் இல்லாமல் போனபின் கேப்பை மாற்றினார். பிறகு ஈயக்குண்டை, கண்ணாடியை, கைப்பிடியை. காற்றின் ஈரத்தைக் குற்றம் சொன்னார். விமானங்களைச் சொன்னார். "ஒரு சமயத்துல ஒண்ணத்தான் மாத்தோணும்," என்பது அவருடைய விதி. அதன்படியே எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றினார்.

கணவர் நாச்சிமுத்து ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர். கேலி செய்தே காலத்தை ஓட்டிவிட்டவர். "ஏம்புள்ளே, இன்னி எந்த டப்பா பாக்கி? என்ற முகப்பவுடர் ஒண்ணுதான் மிச்சம், அதையும் போட்டுச் சுட்டுப் பாரேன்," என்பார். ஆனால் அவர் கொண்டுவரும் காப்பி சில மாதங்களாக அரை டம்ளர்தான்.

"ஏனுங்க, பாலு தீந்துபோச்சுங்களா?"

"சக்கரைக்கு ஆகாது. கம்மியாக் குடி."

வசந்தாமணிக்குச் சர்க்கரை கிடையாது. டம்ளரை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் குடிப்பார்.

மகள் ரக்ஷா கலிஃபோர்னியாவில் உள்ள டப்ளினில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் ஸ்பீக்கரில் வரும். "அம்மா, டிட் யூ சீ த டாக்டர்?"

"புதுப் பவுடர் ஒண்ணு வந்திருக்குது கண்ணு. அடுத்த வாரம் பாக்கலாம்."

"அம்மா. ஐ சேட் டாக்டர்."

"ஆமா, அதயுந்தான்."

வசந்தாமணியின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளுக்கு நரம்பு வழியாக ஏற்றும் மருந்துகளை அவர்தான் சேர்க்கிறார். காற்றை வடிகட்டிய ஓர் அறையில், கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, சிரிஞ்சில் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குள் அடங்கிவிடுகிற அளவை எடுக்க வேண்டும். "பெரியவங்களுக்கு ஒரு சொட்டு எச்சாப் போனா ஒண்ணும் ஆகாது. இதுங்க நம்ம உள்ளங்கை அகலம் கண்ணு. பேருகூட வெச்சிருக்க மாட்டாங்க. பேபி கேர்ள்னு போட்டு, பொறகால அப்பன் பேரு." அந்தக் குழந்தைகளை அவர் பார்த்ததில்லை. லேபிள்களில் படித்ததோடு சரி.

அந்த அறையில் கை நடுங்கினால் அவரே போய்ச் சொல்ல வேண்டும். கையுறைக்குள் இருக்கும் கையை வேறு யாரும் கவனிப்பதில்லை. சொன்னால் மறுபடி அந்த அறைக்குள் போக முடியாது. ஒருநாள் நான் ஒன்றும் கேட்காதபோதே, "அங்க ஆடறதில்ல கண்ணு. அங்க நிக்குது," என்றார். பிறகு தராசைத் துடைக்கத் தொடங்கினார்.

சுடும் மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் ராய். பழைய எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளி. வசந்தாமணியை 'மிஸ் வாசா' என்பார். அவரிடம் கிளப்புக்குச் சொந்தமான ஓர் இரும்புக் கருவி உண்டு. துப்பாக்கியின் பிடியை இரண்டு தாடைகளுக்கு நடுவில் இறுக்கி, கருவியை மேசையோடு பூட்டிவிடலாம். சுட்டபின் துப்பாக்கி அதே இடத்துக்குத் திரும்பும். மனிதக் கைக்கு அதில் வேலையே இல்லை. பவுடரைச் சோதிக்கிற எவரும் முதலில் செய்வது அதுதான். ராய் கோடைக்காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்: இதில் வைத்துப் பாருங்கள் மிஸ் வாசா, குற்றம் பவுடருடையதா இல்லையா என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

வசந்தாமணி சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு என்னிடம் தமிழில் சொல்வார்: "மேட்ச்ல என்ற கையிலதான சுடறேன்? அப்பக் கையிலதான டெஸ்ட் பண்ணோணும். மெஷினு சுடறதுக்கு நான் எதுக்கு?"

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. வானம் ஈயத்தின் நிறத்தில் இருந்தது. நாச்சிமுத்து காரை ஓட்டினார், நான் பின்னிருக்கையில். வசந்தாமணியின் மடியில் வழக்கத்தைவிடப் பெரிய பெட்டி.

"ஏம்புள்ளே, சண்டைக்கா போறோம்?"

"ஒதுக்குன பவுடரு எல்லாத்துலயும் அஞ்சஞ்சு தோட்டா போட்டாந்திருக்கறனுங்க. ராய்கிட்ட அந்த மெஷினக் கேக்கப் போறேன்."

கொஞ்ச தூரம் போனபின் வசந்தாமணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வியாழக்கெழம ஒரு சிரிஞ்ச மூணு தடவ எடுத்தனுங்க. கோட்டுல நிக்கல. கூட வேல செய்யற ஆஸிபா பக்கத்துல இருந்தா. கண்ணாடி பனி பிடிச்சுக்கிச்சு, நீ எடு புள்ளன்னு குடுத்துட்டேன்."

"பனி பிடிச்சிருந்துச்சா?"

"இல்லீங்க."

திருப்பத்தைத் தாண்டிய பிறகும் காரின் இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது. நெடுநேரம் கழித்துத்தான் நாச்சிமுத்து அதை நிறுத்தினார்.

ராய் கருவியைப் பூட்டித் தந்தார். வசந்தாமணி விசையை மட்டும் அழுத்தினார். முதல் அட்டை வந்தபோது ஐந்து குண்டும் ஒரே ஓட்டையாகக் கிழித்திருந்தன. அது போன ஏப்ரலில் ஆகாவளி என்று ஒதுக்கிய பவுடர். ராய் விசிலடித்து, இவ்வளவு நல்ல பவுடரை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்றார். இரண்டாவது அட்டையும் அப்படியே வந்தது. ராய் வசந்தாமணியின் தோளைத் தட்டினார். மூன்றாவது அட்டையைப் பார்த்ததும் ராய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. குல்லாயைக் காதுவரை இழுத்துக்கொண்டு, போய்ப் புது அட்டையை மாட்டி, பழையதைக் கொண்டுவந்து, முகம் பார்க்காமல் மேசையில் வைத்தார்.

எல்லாம் முடிந்தபோது மேசைமேல் அட்டைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் எலுமிச்சைத் துண்டு அளவுக்கு ஓர் ஓட்டை. வசந்தாமணி அவற்றை நோயாளியின் பரிசோதனை முடிவுகளைப் போல நிதானமாகப் பார்த்தார்.

"எல்லாமே நல்ல பவுடருதானுங்க," என்றார்.

நாச்சிமுத்து ஃபிளாஸ்கின் மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். மறுபடி மூடினார்.

"குளுருது புள்ளே. ஊட்டுக்குப் போலாம் வா."

வீட்டுக்கு வந்ததும் வசந்தாமணி நேராக கராஜுக்குத்தான் போனார். பெட்டியை உள்ளே வைக்க நானும் போனேன். அலமாரியிலிருந்து ஆரஞ்சு லேபிள் ஒட்டிய டப்பா ஒன்றை எடுத்தார். பெயரை வாய்விட்டுப் படித்தார். லேபிளின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, மெதுவாக உரித்து, குப்பைக் கூடையில் போட்டார். டப்பாவைத் துண்டால் துடைத்து, பெயரைப் படித்து, நல்ல பவுடர்களுக்கான அலமாரித் தட்டில் வைத்தார். பிறகு அடுத்ததை எடுத்தார். அப்போதும் மேசையில் ஒரு டப்பாதான்.

"தப்பாச் சொல்லிப்போட்டேன் கண்ணு இதுங்கள," என்றார் ஒருமுறை.

மேலே ஒரு விமானம் போயிற்று. அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை.

கடைசி டப்பாவின் லேபிள் பசையோடு விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. கூடைக்கு மேலே கையை உதறினார். விழவில்லை. மறுபடி உதறினார். நாச்சிமுத்து சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு இரண்டு டம்ளர் காப்பியோடு வந்து, படியிலேயே நின்றுவிட்டார். வசந்தாமணி லேபிளை இடது கையால் பிரித்தெடுத்து, கொஞ்ச நேரம் அதிலிருந்ததைப் படித்தார். பிறகு வலது கையை மேசைமேல் குப்புற வைத்து, அதன் புறங்கையில் லேபிளை ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் ஒரு முறை நீவினார்.