தாமரைக் கட்டும் கிளிக் கட்டும்

எனக்கு எண்பத்து நாலு வயது. நான் பெற்று வளர்த்தது ஏழு குழந்தைகள். மன்னி பெற்ற மூன்றையும் சேர்த்துப் பத்து என்றுதான் நான் சொல்வது. அவளும் அப்படித்தான் சொல்வாள். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், கையெழுத்துப் போட வரும். அதற்கு மேல் பழக்கமில்லை. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

மன்னி என்றால் என் கணவருடைய அண்ணாவின் மனைவி. திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்து வீட்டில், இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். சக்கரமும் பணமும் செலாவணியில் இருந்த மகாராஜா காலம். அண்ணா தம்பி இருவருக்கும் குமாஸ்தா வேலை. பத்துக் குழந்தைகளுக்கு அந்தச் சம்பளம் எம்மாத்திரம்? நாங்கள் இருவரும் சாலைக் கடைத்தெரு வியாபாரி ஒருவருக்கு அப்பளம் இட்டுக் கொடுத்தோம்.

என் அப்பளத்தைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். தூக்கிப் பிடித்தால் எதிரே இருப்பவர் முகம் தெரியும். மன்னியினுடையது கொஞ்சம் கனம், சீரகம் தூக்கலாக இருக்கும். பொரித்தால் அவளுடையதும் நன்றாகத்தான் இருக்கும்.

கடையில் இரண்டு விதமான கட்டு உண்டு. ரோஸ் தாளில் தாமரைப் படம் போட்டது ஒரு பணம், அதாவது நாலு சக்கரம். பச்சைத் தாளில் கிளிப் படம் போட்டது இரண்டரைச் சக்கரம். எங்கள் கூலி இருவருக்கும் ஒன்றுதான்.

ஒரு ஆவணியில் கடைக்காரர் ஆளுக்கொரு புதுக் கூடை கொடுத்தனுப்பினார். மாவு உதிராமலிருக்கக் கூடையின் அடியில் தாள் ஒட்டியிருந்தது. மன்னியின் கூடையில் தாமரைத் தாள். என் கூடையில் கிளித் தாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நாங்களே தீர்மானித்துவிட்டோம். அவள் கை முதல் தரம், என் கை இரண்டாம் தரம். கூலி ஒன்றாக இருக்கிறதே என்று யோசிக்க இருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன்.

"கிளி பொரிச்ச எண்ணெயிலே என்னோடதைப் போட்டுடாதே, கேட்டியோ?" என்றாள் மன்னி.

"தாமரைக்கு எண்ணெய் எதுக்கு மன்னி? குளத்துச் சேறு போறாதோ?" என்றேன்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் அது விளையாட்டாக இல்லை. நான் கொல்லைப்பக்கத் தாழ்வாரத்தில் மண் குழைத்துத் தனி அடுப்புப் போட்டேன். இரண்டு ரசம், இரண்டு குழம்பு. என் கடைக்குட்டி மன்னியின் ரசத்துக்கு அழுதான். அவள் பெண் என் தோசைக்கு ஒளிந்து வந்தாள். ஆண்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார்கள். கடைசியில், தை பிறந்தால் அண்ணா குடும்பம் வேறு தெருவில் வாடகைக்குப் போய்விடுவது என்று முடிவாயிற்று. அதைக் கேட்டு எனக்கு இரண்டு நாள் சாதம் இறங்கவில்லை. ஆனாலும் போகாதேங்கோ என்று நான் சொல்லவில்லை. அவளும் போகவா என்று கேட்கவில்லை.

மார்கழிக்கு முன்னால், நாலு வீடு தள்ளி இருந்த வக்கீல் வீட்டில் ஒரு கல்யாணம். சமையற்காரர்களுக்கு ஒத்தாசையாக எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஒரு மூலையில், அவள் ஒரு மூலையில். அப்பளம் பொரிக்க என்னை உட்கார்த்தினார்கள். முதல் பந்திக்குத் தாமரைக் கட்டு, வண்டிக்காரர்களுக்கும் வேலையாட்களுக்கும் கிளிக் கட்டு என்று வக்கீல் மாமி தனித்தனியாக எடுத்து வைத்தாள்.

தாமரைக் கட்டைப் பிரித்தேன். மேல் அப்பளத்தின் ஓரத்தில் பல் பட்டாற்போல ஒரு வெட்டு. நான் அப்பளத்தை வட்டமாக வெட்டுவது பித்தளை டப்பா மூடியால். அந்த மூடி ஒரு தடவை கீழே விழுந்து விளிம்பு மடங்கிவிட்டது; அதிலிருந்து என் அப்பளம் ஒவ்வொன்றிலும் அந்த வெட்டு இருக்கும். அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்தது கனம், சீரகம் தூக்கல். மன்னியினுடையது. கிளிக் கட்டையும் பிரித்தேன். அதிலும் அவளுடையதும் என்னுடையதும் கலந்து கிடந்தன.

"மன்னி, இங்கே வந்து இதைப் பாருங்கோ" என்றேன். இரண்டு மாதத்துக்கு அப்புறம் நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

வந்தாள். இரண்டு கட்டையும் மடியில் போட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முகம் சிவந்துவிட்டது.

"இது உன் ஓட்டை மூடியாக்கும்" என்றாள். "நாளைக்குக் கார்த்தாலே என்கூடக் கடைக்கு வா."

போனோம். கடைக்காரர் நாஞ்சில்நாட்டுத் தமிழர். மன்னி கூடைகளை அவர் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள்.

"அது கையிலே கெடச்ச தாளை ஒட்டுனது, அம்மா" என்றார். "அப்பளம் எல்லாம் ஒரே குவியலுதான்."

"ஒரே குவியல்னா ரெண்டு விலை என்னத்துக்கு?"

"காருலே வாறவருக்குக் கொறஞ்ச வெலை சொன்னா தொட மாட்டாரு. நடந்து வாறவரு கூடுன வெலை குடுக்க மாட்டாரு. ரெண்டு பேரும் சந்தோசமாத்தான் போறாவ."

"நீரும் சந்தோஷமாத்தான் இருக்கீர்" என்றாள் மன்னி.

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் நான்தான் கேட்டேன்.

"தை மாசம் வீடு மாறறதுன்னு இருக்கே?"

"யார் சொன்னா?"

"நீங்கதான் சொன்னேள்."

"அது நான் தாமரைன்னு நெனைச்சிண்டு சொன்னது" என்றாள்.

நேரே கொல்லைக்குப் போனாள். என் மண்ணடுப்பைக் கடப்பாரையால் ஒரே போடு போட்டாள். நான் தடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க, "கிளிக் கட்டையே வாங்குங்கோ, ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். எல்லாரும் கேட்டார்கள். வக்கீல் வீட்டில் மட்டும் கடைசிவரை தாமரைதான்.

அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே அடுப்பில் இருந்தோம். சண்டை போடாத நாள் குறைவு. தனி அடுப்பு என்ற பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. மன்னி போய் நாலு வருஷமாகிறது.

போதும். எழுதினதை முதல்லேர்ந்து ஒரு தரம் வாசிடி, குழந்தே. அவளைக் கொறைச்சு நான் எங்கேயாவது சொல்லியிருந்தா அங்கேயே நிறுத்து, மாத்திச் சொல்றேன்.