சிவப்பு நூல் கட்டிய புத்தகம்

காலையில் கடையைத் திறந்ததும் ரப்பர் அக்கா அழிக்க உட்கார்ந்துவிடுவாள். பழைய என்ஜினீயரிங் புத்தகங்களில் இருக்கும் பென்சில் எழுத்தை ரப்பரால் தேய்த்து, துகளை ஊதி, மடங்கிய முனைகளை நிமிர்த்தி அடுக்குவது கல்யாணமான நாளிலிருந்து அவள் வேலை. அந்தப் பெயரும் கல்லூரிப் பிள்ளைகள் வைத்ததுதான். புதிதாக வாங்க வசதியில்லாதவர்கள் பாதி விலைக்கு இங்கே வாங்கி, தேர்வு முடிந்ததும் இங்கேயே கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரே புத்தகத்தை ஐந்து தடவை அழித்திருக்கிறாள். "இந்த ஃப்ளூயிட் மெக்கானிக்ஸை என்னளவுக்குத் தொட்டவங்க யாரு? நியாயப்படி எனக்குத்தான் டிகிரி குடுக்கணும்" என்பாள்.

அழிக்கக் கூடாதவையும் உண்டு. நன்றாகப் படிக்கிறவர்கள் ஓரத்தில் கணக்குகளைப் படிப்படியாகப் போட்டு வைத்த புத்தகங்கள். அவற்றுக்குத்தான் அடிதடி. அவள் கணவர் அவற்றைச் சிவப்பு நூலால் கட்டி, யாருக்கு எடுத்து வைத்திருக்கிறதோ அவர் பெயரைச் சீட்டில் எழுதிச் செருகிவிடுவார்.

அன்று மேசைமேல் அப்படி ஒரு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புத்தகம். சீட்டில் 'குட்டி' என்றிருந்தது.

குட்டி, கொழுந்தன் மகள். அக்காவின் மகளும் அவளும் ஒரே வகுப்பு. குட்டி எல்லாவற்றிலும் முதல்; இப்போது மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்கும் பழைய பாடங்களைப் படிக்கிறாள். அக்காவின் மகளுக்கு இந்த ஒரு பாடம் இரண்டு முறை போய்விட்டது. புதன்கிழமை மூன்றாவது முறை எழுதுகிறாள். இதிலும் போனால் வேலைக்கு ஆளெடுக்க வரும் கம்பெனி வாசலில்கூட நிற்க முடியாது. குட்டியின் அம்மாவான ஓரகத்தியோ போன் செய்யும்போதெல்லாம், "இவ புத்தகத்தைத் தொடுறதே இல்லக்கா, எப்படித்தான் மார்க் வருதோ" என்று அலுத்துக்கொள்வாள்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. பெற்ற மகள் மொட்டைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு திண்டாட, தம்பி மகளுக்கு நூல் கட்டி வைக்கிறாரே மனுஷன். கேட்கலாமென்றால் அவர் பழைய புத்தகம் எடுக்க ஹாஸ்டலுக்குப் போயிருந்தார். அவள் நூலை அவிழ்த்தாள். முத்து முத்தான எழுத்து. அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ரப்பரை எடுத்தாள். மத்தியானத்துக்குள் புத்தகம் புதுசாகிவிட்டது. கை வலித்தாலும் அன்று சோறு நன்றாக இறங்கியது.

சாயங்காலம் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே மேசைக்கு வந்தாள். அப்பா கிளம்பின பிறகு, அம்மா உள்ளே இருந்த நேரத்தில் குட்டி கடையில் ஒரு புத்தகத்தைச் சிவப்பு நூல் கட்டி வைத்துவிட்டுப் போனாளாமே, எங்கே என்று கேட்டாள். அக்கா வாய் திறப்பதற்குள் அவளே எடுத்துப் புரட்டினாள். பத்துப் பக்கம் போனதும் ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பென்சில் அழுந்திய தடம் மட்டும் இருந்தது.

"பத்து நாளா உக்காந்து எழுதினாம்மா. எனக்காக."

"சீட்டுல அவ பேரு இருந்துச்சு" என்றாள் அக்கா. "அவளுக்கு எடுத்து வச்சதுன்னு நெனச்சேன்."

"குடுத்தது யாருன்னு தெரியட்டும்னு அவ பேரைப் போட்டிருக்கா." மகள் புத்தகத்தை மூடினாள். "சரி, அவளுக்குன்னே இருக்கட்டும். நூல் கட்டினதை நீ அழிக்க மாட்டியேம்மா. இதை மட்டும் ஏன் அழிச்சே?"

அக்கா மேசையில் கிடந்த ரப்பர் துகளை உள்ளங்கையால் ஒரு மூலைக்குக் கூட்டினாள். கூட்டினதையே மறுபடி கூட்டினாள். மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.